சிறைமீண்ட படைத்தலைவர்: ஜெனரல் பி. பி. குமாரமங்கலத்தின் படைவாழ்வும் புறத்திணை அளவுகோலும்

ஆய்வுச் சுருக்கம்

கொங்கு நாட்டின் குமாரமங்கலம் சமீன் குடும்பத்தில் தோன்றிப் பீரங்கிப்படை அலுவலராகப் பணியேற்று, 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக விளங்கியவர் ஜெனரல் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம். அவரைப் பற்றித் தமிழில் எழுதப்படும் பாராட்டுக் குறிப்புகள் பெரும்பாலும் புறத்திணை மரபின் வீரச் சொற்களைக் கொண்டே அவர் வாழ்வை அளக்கின்றன. அவ்வளவுகோல் அவ்வாழ்வின் மையமான இரு கூறுகளை, அதாவது பீரங்கிப் போரின் இயல்பையும் பகைவர் சிறையில் கழிந்த ஆண்டுகளையும் காண இடந்தருவதில்லை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. திருக்குறளின் படைமாட்சி அதிகாரம் இதற்கு மாற்றான ஓர் அளவுகோலைத் தருகிறது என்ற கருத்தும் முன்வைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: குமாரமங்கலம், பீரங்கிப்படை, புறத்திணை, கணைக்கால் இரும்பொறை, படைமாட்சி, கொங்கு நாடு, வாழ்க்கை வரலாற்றியல்

முன்னுரை

தமிழில் படைத்தலைவர்களின் வாழ்க்கை வரலாறு ஒரு தனி இலக்கிய வகையாக வளரவில்லை. புலவர், துறவி, அரசியல் தலைவர், நடிகர் ஆகியோர்க்கு வாழ்க்கை வரலாறுகள் மிகுதியாக உள்ளன. சீருடை அணிந்தவர்க்கோ நினைவு மலர்க் குறிப்புகளும் வட்டார வரலாற்று நூல்களில் இடம்பெறும் ஓரிரு பத்திகளுமே கிடைக்கின்றன. அப்பத்திகளின் நடையை ஊன்றிப் படிப்போர்க்கு ஓர் ஒழுங்கு புலப்படும். முதலில் குடிப்பெருமை கூறப்படும். அடுத்து மண்ணின் மறம் போற்றப்படும். நடுகற்களும் புலிகுத்திக் கற்களும் நினைவூட்டப்படும். தீரன் சின்னமலையின் பெயர் தவறாது வரும். இறுதியில் வகித்த பதவிகள் நிரல்படுத்தப்படும். இடையில் அம்மனிதர் உண்மையில் செய்த தொழில் யாது என்பது சொல்லப்படுவதில்லை.

ஜெனரல் குமாரமங்கலத்தைப் பற்றிய குறிப்புகளும் இவ்வொழுங்கிற்கு விலக்கல்ல. கொங்கு நாட்டில் மறமரபு இல்லை என்பது இங்குக் கூறப்படும் வாதமன்று. அம்மரபின் சொற்கள் இந்த வாழ்வைச் சொல்லப் பொருந்துமா என்பதே வினா. பொருந்தாத சொல்லால் ஒருவரைப் போற்றுவது அவரை மறைப்பதற்கு ஒப்பாகும். அவ்வகையில் அவர் மறைக்கப்பட்டிருக்கிறார் என்பதே இக்கட்டுரையாளரின் துணிபு.

குடியும் கல்வியும்

திருச்செங்கோட்டை அடுத்துள்ள குமாரமங்கலம் அன்றைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. இன்று நாமக்கல் மாவட்டத்தில் அடங்கும். அவ்வூரின் சமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர். பின்னர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் அமைச்சரவையிலும் இடம்பெற்றவர். 1962 இல் மராட்டிய மாநில ஆளுநராக இருந்தபோது மறைந்தவர். அவர் துணைவியார் இராதாபாய் மங்களூரைச் சேர்ந்தவர். இலண்டன் முதல் வட்டமேசை மாநாட்டில் பங்கேற்ற இந்தியப் பெண்டிருள் ஒருவர். இவ்விருவரின் மகனாக 1913 ஜூலை 1 ஆம் நாள் பிறந்தவர் பிரபாகர். தம்பி மோகன் பொதுவுடைமை இயக்கத்தில் சேர்ந்து, பிற்காலத்தில் இந்திரா காந்தியின் அமைச்சரவையில் எஃகு, சுரங்கத் துறை அமைச்சரானார். தங்கை பார்வதி கிருஷ்ணன் கோயம்புத்தூரின் தொழிற்சங்க வரலாற்றோடு பிரிக்க முடியாதவர். மற்றொரு சகோதரர் கோபால் பொதுத்துறை நிறுவன நிருவாகத்தில் புகழ் பெற்றார்.

இத்தகைய குடும்பம் ஒரு வரலாற்றாசிரியர்க்குப் பெரும் ஈர்ப்பாக அமைவது இயல்பே. ஆயினும் அவ்வீர்ப்பே ஜெனரலுக்குப் பகையாயிற்று. குடும்பக் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் பக்கம் தீர்ந்துவிடுகிறது.

அவர் படித்த இடத்தை இக்குறிப்புகள் ஒரு சொல்லில் கடந்து செல்கின்றன. அங்கேதான் செய்தி இருக்கிறது. அக்காலத்து இந்திய இளைஞர் அரசரின் ஆணைபெற்ற அலுவலராக வேண்டுமெனில் இங்கிலாந்திலுள்ள சாண்ட்ஹர்ஸ்ட் கல்லூரிக்கே பெரும்பாலும் சென்றனர். அது காலாட்படைக்கும் குதிரைப்படைக்கும் உரியது. குமாரமங்கலம் சென்றது ஊலிச் நகரிலிருந்த அரச இராணுவக் கழகம். பீரங்கிப்படையினரையும் பொறியியல் படையினரையும் உருவாக்கிய அக்கழகத்தில் கணிதமும் அறிவியலும் முதன்மைப் பாடங்கள். 1933 இல் அவர் அங்கிருந்து பீரங்கிப்படை அலுவலராக வெளிவந்தார்.

அவ்வாண்டில் ஓர் இந்தியர் பீரங்கிப்படை அலுவலராவது எத்தகைய நிகழ்வு என்பதை உணர 1857 ஐ நினைவுகொள்ள வேண்டும். அப்பெருங்கிளர்ச்சிக்குப் பின் ஆங்கில அரசு, மலைப் பீரங்கி அணிகள் போன்ற சில விதிவிலக்குகள் நீங்கலாக, பீரங்கிகளை இந்தியர் கைக்கு எட்டாமல் வைத்தது. வாளும் துப்பாக்கியும் ஏந்த இந்தியர் வேண்டும். பீரங்கி மட்டும் ஆங்கிலேயரிடமே இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. இந்தியரைக் கொண்ட முதல் களப் பீரங்கி அணி 1935 இல்தான் பெங்களூரில் அமைக்கப்பட்டது. பிரேம் சிங் கியானி, குமாரமங்கலம் முதலான ஒருசிலர் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அடைபட்டிருந்த கதவைத் திறந்து நுழைந்தவர்கள். ‘வீர மண்ணின் மைந்தர்’ என்னும் தொடர் இச்செய்தியைச் சொல்லாது. மறம் இல்லை என்று எவரும் இந்தியரை அக்கதவுக்கு வெளியே நிறுத்தவில்லை. மறமும் பீரங்கியும் ஒரே கையில் சேர்ந்துவிடுமோ என்ற அச்சமே அவர்களை நிறுத்தியது.

தும்பையும் பீரங்கியும்

தொல்காப்பியர் கூறும் தும்பைத்திணை, வலிமையை நிறுவுவதையே பொருளாகக் கொண்டு வந்த வேந்தனை எதிர்சென்று பொருவது. அங்கே முகம் முகத்தைக் காண்கிறது. அம்பும் வேலும் செறிந்து மொய்த்தலால் உயிர் நீங்கிய உடல் நிலத்தைத் தீண்டாது நிற்கும் நிலையை அவ்விலக்கணம் தனியே எடுத்துப் பேசுகிறது. புறநானூற்றில் மார்பிற் பட்ட புண் புகழாகவும் முதுகிற் பட்ட புண் நாணமாகவும் மதிக்கப்படுகின்றன. வெண்ணிப் போரில் புறப்புண் பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உயிர்துறந்ததை அக்காலப் புலவர் வென்றவனுக்கு எதிரேயே எடுத்துரைத்தனர். கொங்கு நாட்டுப் புலிகுத்திக் கற்களும் இந்த அறத்தையே கல்லில் சொல்கின்றன: விலங்கும் வீரனும் ஒருவரையொருவர் நேருக்கு நேர் பார்த்து நிற்கும் காட்சி அது.

பீரங்கிப்படையின் தொழில் இதற்கு முற்றிலும் மாறுபட்டது. பீரங்கியை இயக்குபவர் தம் இலக்கைப் பெரும்பாலும் காண்பதில்லை. இரண்டாம் உலகப் போரில் இந்தியக் களப் பீரங்கி அணிகள் பயன்படுத்திய 25 பவுண்டர் பீரங்கி ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவு எறியவல்லது. குன்றின் மேலோ முன்னணி அகழியிலோ இருக்கும் நோக்கு அலுவலர் ஒருவர் இலக்கைக் கண்டு செய்தி அனுப்புவார். பின்னால் ஒரு மறைவிடத்தில் வரைபடமும் அட்டவணையும் வைத்துக்கொண்டு தொலைவு, ஏற்றக் கோணம், காற்றின் போக்கு, வெப்பநிலை, வெடிமருந்தின் அளவு ஆகியன கணிக்கப்படும். முதற்குண்டு விழுந்த இடத்தைக் கண்டு கணக்குத் திருத்தப்படும். வெற்றி தோல்வி இக்கணக்கின் செம்மையையும், குண்டு வந்துசேரும் வழங்கல் வழியையும், தொலைபேசிக் கம்பி அறுபடாமல் இருப்பதையும் பொறுத்தது. மார்புக்கும் முதுகுக்கும் இங்கே வேறுபாடில்லை.

மறைந்திருந்து எய்தல் என்பது தமிழ் மரபில் ஓர் அறச்சிக்கல். கம்பனின் வாலி எழுப்பும் வினாக்களுக்கு உரையாசிரியர்களும் பட்டிமன்றத்தாரும் இன்றளவும் விடை தேடிக்கொண்டிருக்கின்றனர். கொங்கு நாட்டின் தனிப்பெருங் காப்பியமான அண்ணன்மார் கதையிலும் உடன்பிறந்தாரின் முடிவைத் தொடங்கிவைப்பது மறைவிலிருந்து வரும் அம்பே. அதனை எய்வது மாயவன். ஆகவே அது ஊழ். அதன் பொருளை உணர்ந்த வீரர் தம் வாளிலேயே வீழ்ந்து உயிர்விடுகின்றனர். காணாத இடத்திலிருந்து வரும் தாக்குதலை அக்கதை மனிதத் தொழிலாகக் கருதவே இல்லை. அதற்குத் தெய்வம் மட்டுமே உரியது. உடுக்கடிப் பாட்டாக அக்கதையைக் கேட்டு வளர்ந்த நிலத்திலிருந்து ஒருவர் சென்று, அந்த மறைவான எய்தலையே வாழ்நாள் தொழிலாகக் கற்றார். இம்முரணை விளக்கும் சொல் நம்மிடம் ஆயத்தமாக இல்லை. எனவேதான் எழுதுவோர் ‘வாளேந்திய பரம்பரை’ என்ற பழஞ்சொல்லை எடுத்து ஒட்டிவிடுகின்றனர்.

கொங்கு நாட்டுக்கும் பீரங்கிக்கும் உள்ள உறவைத் தேடுவோர் குருதி மரபை விட்டுத் தொழிற்கூடங்களைப் பார்ப்பதே தக்கது. பீரங்கிக் குண்டை உந்தித் தள்ளும் கார்டைட் வெடிமருந்து, கோயம்புத்தூருக்கு மேலே நீலகிரியின் அருவங்காட்டில் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே செய்யப்பட்டு வந்தது. வார்ப்படமும் கடைசலும் அளவுத் துல்லியமும் கோயம்புத்தூர்ப் பட்டறைகளின் நாளாந்த மொழி. ஊலிச் கழகத்தின் கல்வியோடு நெருங்கி நிற்பது அந்த மொழியே.

1942 மே 27

இவ்வாறு சொன்னபின் ஒரு மறுப்பை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். குமாரமங்கலத்தின் படைவாழ்வில் ஒருநாள் உண்மையிலேயே தும்பைத்திணைக்குள் நுழைந்தது.

லிபியப் பாலைவனத்தில் நேச நாட்டுப் படைகளின் கசாலா அணிவரிசை வடக்கே கடற்கரையில் தொடங்கித் தெற்கே பீர் ஹக்கீம் என்னும் காவலரணில் முடிந்தது. அவ்வரணைப் பிரெஞ்சுப் படை காத்தது. அதற்குத் தென்கிழக்கே திறந்த மணல்வெளியில் 3 ஆவது இந்திய மோட்டார் படையணி நிறுத்தப்பட்டிருந்தது. மூன்று இந்தியக் குதிரைப்படை ரெஜிமென்டுகளும் 2 ஆவது இந்தியக் களப் பீரங்கி ரெஜிமென்டும் அதில் அடங்கியிருந்தன. அவ்விடத்துக்கு அது வந்துசேர்ந்து சில நாட்களே ஆகியிருந்தன. அரண் வேலைகள் முற்றுப்பெறவில்லை. ரோமலின் படை தெற்கே சுற்றி வளைந்து வந்தது. மே 27 காலையில் இத்தாலியரின் அரியேட்டே கவசப் பிரிவு டாங்குகளோடு இப்படையணியின் மீது நேரே பாய்ந்தது.

பன்னிரண்டு கிலோமீட்டர் எறியவேண்டிய பீரங்கிகள் அன்று சில நூறு மீட்டர் தொலைவில் கண்ணுக்கு நேரே வந்த டாங்குகளைச் சுட்டன. அட்டவணைக்கும் கோணக் கணக்கிற்கும் அங்கே நேரமில்லை. பீரங்கிகள் பல டாங்குகளை முடக்கின. பின்னர் டாங்குகள் பீரங்கிகளின் மீதே ஏறின. காலைப்பொழுது முடிவதற்குள் படையணி சிதைந்தது. ஓய்வுபெற்ற பின்னும் போர்க்களம் தேடி வந்திருந்த எழுபது வயது கடந்த ஆங்கிலக் கடற்படைத் தலைவர் வால்டர் கவன் உட்படப் பலர் சிறைப்பட்டனர். அவர்களுள் குமாரமங்கலமும் ஒருவர். அன்று அவர் காட்டிய ஆற்றலுக்காக டி.எஸ்.ஓ. என்னும் உயர்விருது வழங்கப்பட்டது.

பாராட்டுக் குறிப்புகள் விருதைச் சொல்லும். அந்நாள் தோல்வியில் முடிந்தது என்பதைச் சொல்லாது. சிறை ஓரிரு சொற்களில் அடங்கிவிடும். இது தற்செயலன்று. தும்பைச் சொல்லாடலில் வென்றவனுக்கு வாகை உண்டு. வீழ்ந்தவனுக்கு நடுகல் உண்டு. தோற்று, உயிரோடு பிடிபட்டு, அதற்குப் பின்னும் சீருடையில் தொடர்பவனுக்கு உரிய துறை எது? புறத்திணை இலக்கணங்களில் அதற்கு இடம் காணவில்லை.

குடவாயிற் கோட்டமும் பாலைவனமும்

துறை இல்லை, ஆனால் ஒரு பாட்டு உண்டு. புறநானூற்றின் 74 ஆம் பாட்டைப் பாடியவன் சேரமான் கணைக்கால் இரும்பொறை. சோழன் செங்கணானோடு பொருது பிடிபட்டுக் குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்தவன், தண்ணீர் கேட்டபோது காவலர் காலந்தாழ்த்திக் கொடுத்தமையால் அதனைப் பருகாது இப்பாட்டைப் பாடி உயிர்நீத்தான் என்று கொளு கூறுகிறது. இரும்பொறை மரபினரின் பெயர்களைக் கரூரை அடுத்த புகழூர்த் தமிழிக் கல்வெட்டுகள் தாங்கி நிற்கின்றன. கொங்கின் கிழக்கு வாயிலில் ஆண்ட குடி அது. எனவே கொங்கு மறத்தை முன்னிறுத்துவோர் ஒதுக்கிவிட முடியாத முன்னோன் அவன்.

அப்பாட்டின் அறம் தெளிவானது: சிறைப்பட்டு இரந்து உண்டு வாழ்வதினும் சாதல் நன்று. இந்த அறத்தை அளவுகோலாக ஏற்போர் குமாரமங்கலத்தின் 1942 முதல் 1945 வரையிலான ஆண்டுகளை என்ன செய்வர்? ஏற்க முடியாது, மறுக்கவும் முடியாது. ஆகவே விட்டுவிடுகின்றனர்.

அவ்வாண்டுகளில் நிகழ்ந்தவை விடத்தக்கவையல்ல. அவர் இத்தாலியில் இந்திய அலுவலர்க்கான சிறைமுகாமில் வைக்கப்பட்டார். யாகியா கானும் சாகிப்சாதா யாகூப் கானும் அங்கே உடனிருந்தோர். அங்கிருந்து அவர் தப்பினார், மீண்டும் பிடிபட்டார், ஜெர்மானியர் வசமிருந்த ஸ்டாலக் லுஃப்ட் 3 முகாமுக்கு அனுப்பப்பட்டார். போர் முடியும்வரை சிறையே அவர் வாழ்விடமாயிற்று. தற்காலப் படை அறத்தின்படி சிறைப்பட்ட அலுவலரின் கடமை முடிந்துவிடுவதில்லை. தப்ப முயல்வதும், உடனிருப்போரின் ஒழுங்கைக் காப்பதும், பகைவனின் காவற்படையைத் தம் பக்கம் திருப்பி வைத்திருப்பதும் படைப்பணியின் தொடர்ச்சியே. இரும்பொறையின் மானம் தனி ஒருவனின் மானம். அவன் இறப்போடு அது நிறைவுறுகிறது. குமாரமங்கலம் வாழ்ந்த அறம் ஒரு நிறுவனத்தின் அறம். அதில் உயிர் தனக்கு மட்டும் உரியதன்று. பயிற்சி பெற்ற பீரங்கிப்படை அலுவலர் ஒருவரின் உயிர் திரும்பிக் கொண்டுவரப்படவேண்டிய பொருள்.

தண்ணீரும் இக்கதையில் வருகிறது. பீர் ஹக்கீம் போரில் பிடிபட்ட இந்தியப் படையினரைக் காக்கவும் ஊட்டவும் இயலாத ரோமலின் படை, அவர்களுள் பல நூற்றுவரைப் பாலைவனத்திலேயே விட்டுவிட்டது. அவர்கள் விடாய் மிகுந்து நடந்து, பிரெஞ்சுக்காரர் காத்த அரணை அடைந்தனர். முற்றுகையில் தம் நீரையே அளந்து குடித்துக்கொண்டிருந்த அப்படையினர் வந்தவர்க்குப் பங்கிட்டனர். குமாரமங்கலம் அக்கூட்டத்தில் இல்லை. அலுவலர்கள் இத்தாலிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நீரை மறுத்த அரசனைப் பாடிய மரபு, நீரைத் தேடி நடந்த இந்தச் சிப்பாய்களைப் பாட எந்தச் சொல்லை வைத்திருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

மரபு ஒருமுகமானதன்று என்பதையும் இங்கே சுட்டவேண்டும். பொய்கையார் பாடிய களவழி நாற்பதின் பயனாகச் சேரன் விடுவிக்கப்பட்டான் என்று பிற்கால வழக்கு கூறுகிறது. கலிங்கத்துப்பரணியும் மூவருலாவும் அதனைக் குறிக்கின்றன. புறநானூற்றுக் கொளுவும் இவ்வழக்கும் முரண்படுவதை அறிஞர் நெடுங்காலம் ஆராய்ந்துள்ளனர். இருவரும் ஒருவர்தாமா என்ற ஐயமும் எழுப்பப்பட்டுள்ளது. அவ்வரலாற்று வழக்கை ஒருபுறம் வைத்துவிட்டு நோக்கினால், பிற்காலத்தார் சிறைக்குள் சேரன் சாவதை ஏற்க விரும்பவில்லை என்பது தெரிகிறது. ஆயினும் அவனை மீட்கப் புலவரின் பாட்டும் வென்றவனின் அருளும் தேவைப்பட்டன. சிறைப்பட்டவன் தானே சுவர் தாண்டலாம் என்ற எண்ணம் அக்கற்பனையிலும் எழவில்லை.

யாருடைய மாராயம்?

வஞ்சித்திணையில் ‘மாராயம் பெற்ற நெடுமொழி’ என்றொரு துறை உண்டு. வேந்தனால் சிறப்புப் பெற்ற படைத்தலைவனைப் பற்றியது அது. குமாரமங்கலம் இரு மாராயம் பெற்றவர். ஒன்று ஆங்கில அரசரின் டி.எஸ்.ஓ.; மற்றொன்று 1970 இல் இந்தியக் குடியரசு வழங்கிய பத்ம விபூஷண். எந்த வேந்தனின் படைத்தலைவர் அவர் என்ற வினாவை இவ்விரு விருதுகளும் எழுப்புகின்றன.

இவ்வினா வெறும் கல்வி வினாவன்று. அவர் பாலைவனத்தில் பொருத அதே 1942 இல் சிங்கப்பூரில் பிடிபட்ட இந்தியப் படையினரைக் கொண்டு இந்திய தேசிய இராணுவம் உருவாகிக்கொண்டிருந்தது. மலாயாத் தமிழர் பின்னர் அதில் பெருமளவில் சேர்ந்தனர். ஐரோப்பாவில் சுபாஷ் சந்திர போஸ் வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியரிடையே தம் படையணிக்கு ஆள் திரட்டினார். அவ்வழியைக் குமாரமங்கலம் தேர்ந்துகொள்ளவில்லை. அவர் வீட்டுக்குள்ளேயும் இப்பிளவு இருந்தது. அண்ணன் ஆங்கில அரசின் சீருடையில் இருந்த 1940களின் தொடக்கத்தில் தம்பி மோகன் சென்னைச் சதி வழக்கில் அதே அரசால் சிறையிடப்பட்டார். சோவியத்து ஒன்றியத்தின் மீது ஹிட்லர் படையெடுத்தபின் பொதுவுடைமைக் கட்சி அப்போரை மக்கள் போராக ஏற்றது. அண்ணன் பங்குகொண்ட போரைத் தம்பியின் கட்சியும் ஆதரித்தது. வரலாறு இப்படி வளைந்து செல்லும்போது ‘நாட்டுப்பற்று’ என்ற ஒற்றைச் சொல் எதையும் விளக்குவதில்லை.

சிலர் செஞ்சோற்றுக்கடன் என்னும் கருத்தால் இதனை விளக்க முயல்வர். கும்பகருணனையும் கர்ணனையும் உவமை காட்டுவர். இவ்விளக்கம் பாதி மெய். உண்ட சோற்றுக்காகப் பொருதவர் அவர் என்றால், 1947 ஆகஸ்டில் அவர் கடன் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பணி தொடர்ந்தது. கடன்பட்டது சோறிட்ட அரசனுக்கன்று, தாம் கற்ற தொழிலுக்கும் அத்தொழிலைத் தாங்கிய படைக்கும் என்று கொண்டால் மட்டுமே 1942 உம் 1966 உம் ஒரே வாழ்வின் பகுதிகளாகின்றன. இவ்விடத்தில் அவரைக் குறைகூறுவோரும் உளர். அக்குறையை இக்கட்டுரை முற்றும் மறுக்கவில்லை. காலனியப் படையின் அலுவலர் என்ற உண்மையை மூடிவைத்துப் போற்றுவதைவிட அதனை வெளிப்படையாக வைத்து ஆராய்வதே அவர்க்குச் செய்யும் நீதி.

படைமாட்சி

திருவள்ளுவர் படையைப் பற்றி இரண்டு அதிகாரங்கள் அமைத்தார். படைச்செருக்கு வீரனின் உள்ளத்தைப் பாடுகிறது. ஆண்டவன் கண்ணீர் சிந்தும்படி சாகக் கிடைப்பின் அச்சாவை இரந்தும் பெறலாம் என்று அது முடிகிறது. அதற்கு முன்னதான படைமாட்சி வேறு பொருளைப் பேசுகிறது. உறுப்புக் குறையாமை, அழிவு வந்தவிடத்தும் நிலைகுலையாமை, தொல்வலி, சிறுமையும் தீராத வெறுப்பும் வறுமையும் படைக்குள் நுழையாமை ஆகியன அங்கே எண்ணப்படுகின்றன. நிலைத்து நிற்கும் வீரர் பலர் இருந்தும் தலைமக்கள் இல்லாத தானை தானையே அன்று என்பது அதன் இறுதிக் குறளின் கருத்து. தமிழ் மரபு படையை ஒரு நிறுவனமாகக் கண்ட இடம் இது. நம் வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் படைச்செருக்கைப் பயன்கொண்ட அளவில் ஒரு சிறுபங்கும் படைமாட்சியைப் பயன்கொள்ளவில்லை.

குமாரமங்கலத்தின் பிற்காலப் பணி படைமாட்சியின் மொழியில்தான் பொருள்படும். 1962 இல் சீனரிடம் தோற்ற படை உருக்குலைந்திருந்தது. அடுத்த ஆண்டில் அவர் கிழக்குப் பிராந்தியப் படைத்தலைவரானார். தோற்ற எல்லையில் மீண்டும் நிற்கவேண்டிய படையைச் செப்பனிடும் பொறுப்பு அது. தோல்வியை உள்ளிருந்து அறிந்த ஒருவரிடம் அப்பொறுப்பு வந்ததைப் பாராட்டுக் குறிப்புகள் கவனிக்கவில்லை. 1964 இறுதியில் மானெக்ஷா அப்பதவிக்கு வந்தார். குமாரமங்கலம் தலைமையகத்தில் துணைத் தலைமைத் தளபதியாக 1965 போரைக் கண்டார். 1966 ஜூனில் ஜெனரல் சௌத்ரிக்குப் பின் தலைமைத் தளபதியானார். காலாட்படையினரும் குதிரைப்படையினருமே அதுவரை வகித்த அப்பதவிக்குப் பீரங்கிப்படையிலிருந்து வந்த முதல் இந்தியர் அவர். இங்கிலாந்தில் பயின்று அரசரின் ஆணைபெற்ற தலைமுறையிலிருந்து அப்பதவியை வகித்த இறுதி மனிதரும் அவரே.

அதே 1966 செப்டம்பரில் பாகிஸ்தான் தரைப்படையின் தலைமையை யாகியா கான் ஏற்றார். இத்தாலிய முட்கம்பிக்குள் ஒன்றாக இருந்த இருவர் ஒரே காலத்தில் எதிரெதிர்ப் படைகளின் தலைவராயினர். ஒருவர் 1969 மார்ச்சில் நாட்டின் ஆட்சியையே கைப்பற்றினார். மற்றவர் மூன்று மாதங்கள் கழித்து, பணிக்காலம் முடிந்தவுடன், பொறுப்பை மானெக்ஷாவிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேறினார். இவ்வெளியேற்றத்தில் பாடுவதற்கு ஒன்றுமில்லை என்று தோன்றலாம். தெற்காசியாவின் வரலாற்றில் இதைவிடப் பாடத்தக்க செயல் ஒரு படைத்தலைவரிடமிருந்து அரிதாகவே வந்துள்ளது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. மறம் மட்டுமே அளவுகோலானால் இது கண்ணுக்குத் தெரியாது.

அவர் தலைமைக் காலத்தில் 1967 செப்டம்பரில் சிக்கிம் எல்லையின் நாதுலா கணவாயில் மோதல் மூண்டது. எல்லையில் முள்வேலி அமைத்துக்கொண்டிருந்த இந்தியப் படையினர்மீது சீனர் சுட்டனர். திறந்தவெளியில் நின்றோர் பலர் மாண்டனர். நிலைமையை மாற்றியது பீரங்கி. உயர்ந்த நோக்குநிலைகள் இந்தியர் கையில் இருந்தமையால் குண்டுகள் சீனரின் பதுங்கரண்களைத் தேடிச்சென்று தாக்கின. மூன்று நாள் அளவில் மோதல் ஓய்ந்தது. கணவாயில் கட்டளையிட்டவர் குமாரமங்கலம் அல்லர். அவ்வெற்றியை அவர் பெயரில் எழுதுவது பிழையாகும். ஆனால் 1962 இல் இல்லாத ஒழுங்கும் ஆயத்தமும் 1967 இல் இருந்தன. அந்த ஐந்தாண்டுகளில் அவர் அமர்ந்திருந்த மேசைகளின் கோப்புகளை ஆராய்வோர்க்கே அவர் பங்கு எவ்வளவு என்பது புலப்படும்.

கோயம்புத்தூரில் நினைவு

கோயம்புத்தூரில் குமாரமங்கலம் குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் முதலில் வரும் பெயர் பார்வதி கிருஷ்ணன். 1957 இல் அத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1973 மே 31 அன்று டெல்லி அருகே நிகழ்ந்த விமான விபத்தில் அவர் தமையன் மோகனும் கோயம்புத்தூர் உறுப்பினர் கே. பாலதண்டாயுதமும் ஒன்றாக மாண்டனர். காலியான அவ்விடத்திற்கு 1974 இடைத்தேர்தலில் பார்வதியே வென்றார்; 1977 இலும் வென்றார். ஆலைத் தொழிலாளரும் தோட்டத் தொழிலாளரும் அவரை அறிந்திருந்தனர். அவர் பேச்சைக் கேட்டவர்கள், அவரோடு ஊர்வலம் சென்றவர்கள் இருந்தனர். நேருக்கு நேர் கண்ட ஒருவரை ஊர் நினைவில் வைத்துக்கொண்டது.

அண்ணனின் தொழிலோ, முன்பே கூறியவாறு, காணாத தொலைவில் நிகழ்ந்தது. 2000 மார்ச்சில் சென்னையில் அவர் மறைந்தார். அவரைப் பற்றித் தமிழில் எழுத முற்படும் ஆய்வாளர் திருச்செங்கோட்டில் தொடங்குவது முறையே. அங்கேயே முடித்துவிடுவது முறையன்று. 2 ஆவது களப் பீரங்கி ரெஜிமென்டின் போர் நாட்குறிப்பும், இத்தாலியச் சிறைமுகாமில் உடனிருந்தோர் எழுதிய நினைவுகளும், 1963 முதல் 1969 வரையிலான தலைமையகக் கோப்புகளும் அவர் மேசைக்கு வரவேண்டும். அவற்றைப் படிக்கப் பீரங்கிக் கணக்கும் சிறிது கற்கவேண்டியிருக்கும். தமிழ்த்துறை மாணவர்க்கு அது கடினமே. கட்டளைக் கலித்துறையின் எழுத்தெண்ணிக் கற்றவர்க்கு இயலாததன்று.